வெள்ளம் வடிந்த வீட்டில் காதில் விழும் சொற்கள்: எதற்கு என்ன அர்த்தம், என்ன செய்ய வேண்டும்

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறார். 2024 நவம்பர் மாத மழைக்காற்றில் அவருடைய வீட்டு ஓடுகள் பன்னிரண்டோ பதின்மூன்றோ கிளம்பிப் போய், விடியும் வரை அறைக்குள் மழை கொட்டியது. காப்புறுதிப் படிவத்தில் "சேதம் எவ்வாறு ஏற்பட்டது" என்ற கட்டத்துக்குள் அவர் எழுதியது: "கூரை ஒழுகி சாமான்கள் நனைந்தன." பதில் நாலு வரியில் வந்தது. ஒழுக்கு என்பது பராமரிப்புக் குறைபாடாம், காப்புறுதிக்குள் அடங்காதாம். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் நடந்ததும் அது இல்லை. ஓடு பறந்த படங்களை வைத்து, "கடுங்காற்றில் ஓடுகள் தூக்கப்பட்டு, திறந்த இடத்தால் மழைநீர் உட்புகுந்தது" என்று திரும்ப எழுதிக் கொடுத்தோம். பணம் வந்தது, முழுதாக இல்லை, ஆனாலும் வந்தது.

நான் மேசனும் இல்லை, காப்புறுதிக்காரனும் இல்லை. மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் அயல் சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான். ஆனால் இந்த வேலையில் அடிக்கடி பார்ப்பது இதுதான்: தண்ணீரால் போனதை விட, சொல் விளங்காமல் போனது அதிகம். திருத்த வேலைக்கு விலை எழுதித் தரும் கொட்டேசனில் ஒரு சொல், சேதம் பார்க்க வரும் காப்புறுதி மதிப்பீட்டாளர் வாயில் ஒரு சொல், கிராம சேவகர், அதான் ஜி.எஸ்., எழுதும் பட்டியலில் ஒரு சொல், மேசன் சொல்வது வேறொன்று. என்னுடைய மச்சான் ஒருவர் ரொறன்ரோவில் வெள்ளம், தீ பட்ட வீடுகளைச் சுத்தம் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறார். அவரிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், இங்கே எது பொருந்தும் எது பொருந்தாது என்று பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

வீட்டுக்குள் கால் வைக்க முன்

சொற்களுக்குப் போக முன் இரண்டு விஷயம். மெயின் சுவிட்ச் இருக்கும் இடத்துக்குத் தண்ணீரில் நின்றுகொண்டோ, ஈரத்தை மிதித்துக்கொண்டோ போக வேண்டியிருந்தால் போகாதீர்கள், மின்சார சபைக்கு 1987 இல் அழைத்துச் சொல்லுங்கள். "ட்ரிப் சுவிட்ச் இருக்குதானே" என்று சிலர் தைரியமாக இறங்குவார்கள். சேற்றுத் தண்ணீரில் ஊறிய ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. அப்புறம், ஜெனரேட்டரை விறாந்தையில் வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, யன்னல்களுக்கு எதிர்ப்புறமாகப் புகை போகும்படி வையுங்கள்.

கழுவத் தொடங்க முன் சுவரில் படிந்த வெள்ளக்கோட்டை படம் எடுங்கள். இதுவும் ஒரு சொல்தான், மதிப்பீட்டாளர் முதலில் கேட்பதே இதைத்தான். வெறுமனே எடுத்தால் அது ஒரு அழுக்குச் சுவரின் படம். அளவு நாடாவைத் தரையில் ஊன்றி, சேற்றுக் கோடு 27 அங்குலத்தில் தொடுவது தெரிகிற மாதிரி எடுத்தால் அது சான்று. ஒவ்வொரு அறையிலும் எடுங்கள். சாமான்களை வெளியே எறிய முன்னும் எடுங்கள். பலர் இரண்டு நாள் முறிந்து வீட்டைப் பளபளப்பாக்கிவிட்டு, மூன்றாம் நாள் வந்த ஆளிடம் காட்ட எதுவும் இல்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் எங்கே இருந்து வந்தது?

மச்சானுடைய தொழிலில் தண்ணீருக்கு மூன்று வகை சொல்வார்கள். ஆங்கிலத்தில் கெட்டகரி 1, 2, 3. முதலாவது சுத்தமான தண்ணீர்: குழாய் வெடித்து வந்தது, தாங்கி நிரம்பி வழிந்தது. இரண்டாவது சாம்பல் தண்ணீர்: வோஷிங் மெஷின் கழித்தது. மூன்றாவது கறுப்புத் தண்ணீர்: மலசலகூடக் குழி, ஆறு, குளம், வாவி, கடல் எல்லாம் இதற்குள்தான். நிறத்தை வைத்துச் சொல்வதில்லை, வந்த வழியை வைத்துச் சொல்வது. உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்து வந்த தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும், வயல், எருமைப்பட்டி, எத்தனையோ வீட்டு மலசலகூடக் குழி எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டுதான் உங்கள் படலைக்கு வருகிறது. ஆகவே எங்கள் ஊர் வெள்ளம் எப்போதும் மூன்றாம் வகை. அதில் பேச்சே இல்லை.

முதலாம் வகை கூட அப்படியே இருக்காது. குழாய் உடைந்த தண்ணீர் கம்பளத்திலும் மெத்தையிலும் இரண்டு நாள் கிடந்தால் வகை இறங்கிவிடும். எங்கள் வெக்கைக்கு இன்னும் வேகமாக.

இந்த வகை ஏன் முக்கியம் என்றால், எதை வைத்திருக்கலாம் எதை எறிய வேண்டும் என்பது இதிலிருந்துதான் வருகிறது. மூன்றாம் வகைத் தண்ணீரில் ஊறிய மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த செற்றி, மரநாரை அமுக்கிச் செய்த எம்.டி.எப். அலுமாரி, எல்லாம் எறியத்தான் வேண்டும். இவற்றை உறிஞ்சும் பொருள் என்பார்கள். உள்ளே போன அழுக்கை வெளியே எடுக்க வழியில்லை. வெயிலில் மூன்று நாள் போட்டு மணம் போனதும் திரும்ப விரிக்கிற மெத்தையைப் பற்றி அம்மாமாரோடு சண்டை பிடிக்க வேண்டித்தான் வரும், பிடியுங்கள். தேக்கு, முதிரைப் பலகைக் கட்டில் அப்படி இல்லை. அது அரைகுறையாக உறிஞ்சும் இனம், கழுவிக் கிருமி நீக்கி நிழலில் மெதுவாகக் காயவிட்டால் மிஞ்சும். வெயிலில் போட்டால் வெடிக்கும். அலுமினியச் சட்டி, கண்ணாடி, டைல்ஸ், பிளாஸ்ரிக் கதிரை எல்லாம் உறிஞ்சாதவை, கழுவினால் சரி.

இந்தத் தண்ணீருக்குள் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயம் உண்டு. எலிச்சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சின்ன வெடிப்பால் கூட உடம்புக்குள் போகும். பூட்ஸ் போடுங்கள், புண் இருந்தால் மூடுங்கள். துப்புரவு செய்து நாளான பிறகும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், பனடோலோடு படுத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய் "வெள்ளத்துக்குள் நின்றேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் வைத்தியருக்கு அந்தப் பக்கம் யோசனை போகும்.

கொட்டேசனில் வரும் மூன்று சொற்கள்

மிட்டிகேஷன், ரெமிடியேஷன், ரெஸ்டொரேஷன். மூன்றும் ஒரே சத்தம் மாதிரி இருக்கும், காசு மூன்று இடத்தில் போகும்.

மிட்டிகேஷன் என்றால் சேதம் மேலும் பரவாமல் தடுப்பது. தண்ணீரை இறைப்பது, கூரைக்குத் தறப்பாள் கட்டுவது, நனைந்த சாமானை உயரத்துக்குத் தூக்குவது. இது வீட்டுக்காரருடைய கடமை என்று காப்புறுதிப் பத்திரத்திலேயே இருக்கும். "மதிப்பீட்டாளர் வரும்வரை எதையும் தொடவில்லை" என்று நல்ல பிள்ளையாக இருந்தீர்களானால், காத்திருந்த நாட்களில் கூடிய சேதத்தைக் கழித்துவிட இடமுண்டு. ஆகவே படம் எடுங்கள், பிறகு உடனே தொடங்குங்கள். தறப்பாள் வாங்கிய பில், மோட்டருக்கு அடித்த டீசல் பில் எல்லாம் பத்திரம். அவை கோரிக்கையில் சேரக் கூடியவை.

ரெமிடியேஷன் என்பது கெட்டதை அகற்றுவது: சேறு, பூஞ்சணம், கழிவு. ரெஸ்டொரேஷன் என்பது அதன் பிறகு வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது: பூச்சு, பெயின்ற், கதவு, வயரிங். இந்த ஒழுங்கு மாறக் கூடாது. ஒரே ஆள் மூன்றையும் ஒரே தொகையில் "வீடு திருத்தம்" என்று எழுதித் தந்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பிரித்து எழுத மாட்டேன் என்கிறவர் பெரும்பாலும் நடுவில் உள்ளதைச் செய்யாமல் மூன்றாவதுக்குப் பாய்கிற ஆள்.

"காய்ந்துவிட்டது" என்ற சொல்

இதில்தான் நான் நன்றாக அடிபட்டேன். 2011 ஜனவரி வெள்ளம் பலருக்கு ஞாபகம் இருக்கும், நாடு முழுக்கப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் பாதிக்கப்பட்ட வெள்ளம் அது, மட்டக்களப்பும் அம்பாறையும் மோசமாக அடிபட்டன. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, வடிந்து, கழுவி முடிய, பெப்ரவரியில் திரும்பவும் வந்தது. மார்ச் கடைசியில் சுவரைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. சித்திரை வருடப் பிறப்புக்கு நல்ல விலையான இமல்ஷன் பெயின்ற் அடித்தோம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குச் சொந்தக்காரர் வந்து நின்ற நேரம், சுவர் முழுக்கக் கொப்புளம். விரலால் குத்தினால் உள்ளே தண்ணீர்.

தோல் காய்வதும் சுவர் காய்வதும் ஒன்றல்ல. மச்சானுடைய தொழிலில் ஈரத்தை நாலு கிளாஸ் ஆகப் பிரிப்பார்கள். ஒன்று என்றால் கொஞ்ச இடம், கொஞ்ச ஈரம். மூன்று என்றால் முகடு, சுவர், தரை எல்லாம் ஊறியது. நாலு என்றால் கொங்கிரீட், செங்கல், சாந்து, வைரப் பலகை மாதிரி அடர்த்தியான பொருட்களுக்குள் ஈரம் போய்க் குந்திக்கொண்டது. எங்கள் கல்வீடுகள் வெள்ளம் பட்டால் கிட்டத்தட்ட எப்போதும் நாலுதான். செங்கல் சுவருக்கு ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஒன்பது அங்குலச் சுவருக்கு அதைப் போட்டுப் பாருங்கள். காற்றும் வெயிலும் நன்றாக இருந்தால் குறையும், ஆனால் இரண்டு கிழமையில் முடியாது.

அதோடு உறிஞ்சி ஏறுதல் என்று ஒன்று. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி சுவரும் தண்ணீரை மேலே இழுக்கும். வெள்ளக்கோடு முழங்கால் மட்டில் இருந்தாலும் ஈரம் அதற்கு மேல் ஒரு முழமோ இரண்டு முழமோ போயிருக்கும். கோட்டுக்குக் கீழே மட்டும் பூச்சைக் கொத்திவிட்டு மேலே விட்டால் ஆறு மாதத்தில் மேல்பக்கம் உதிரும்.

எப்படிப் பார்ப்பது? மொயிஸ்சர் மீற்றர் என்று கையடக்கமான கருவி உண்டு. அதில் வரும் எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. அதே வீட்டில், அதே மாதிரிச் சுவரில், தண்ணீர் தொடாத உயரத்தில் ஒரு அளவு எடுங்கள். அதுதான் உலர் அளவுகோல். கீழ்ச்சுவரின் எண் அதற்குக் கிட்ட வந்தால் காய்ந்தது என்று அர்த்தம். கருவி இல்லாவிட்டால் பொலித்தீன் போதும்: ஒன்றரை அடிச் சதுரமாகத் தெளிந்த பொலித்தீன் ஒன்றை வெட்டி, சுவரிலோ தரையிலோ நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, மாலையில் ஒட்டினால் அடுத்த நாள் பத்து மணிக்குப் பாருங்கள். பதினாறு மணி நேரமாவது இருக்க வேண்டும். உள்பக்கம் வியர்த்திருந்தால், அல்லது அந்த இடம் கறுத்திருந்தால், பெயின்ற்காரரிடம் "பிறகு வாங்க" என்று சொல்லிவிடுங்கள். அதுவரை சுவர் அசிங்கமாக இருக்கிறது என்றால் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு மூச்சு விடும், இமல்ஷன் விடாது.

டீஹியுமிடிபயர் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தண்ணீராக வாளியில் விடும் இயந்திரம். அதைப் பூட்டிய அறைக்குள் ஓட்ட வேண்டும். யன்னலைத் திறந்துவைத்து ஓட்டினால் வங்காள விரிகுடாவையே காயவைக்கப் பார்ப்பது மாதிரி. எயர் மூவர் என்பது வேறு, அது தரையோடு சேர்த்துக் காற்றை அடிக்கும் பலமான பேன். ஈரத்தைச் சுவரிலிருந்து காற்றுக்குள் எடுப்பது அது, காற்றிலிருந்து வெளியே எடுப்பது மற்றது. பேன் மட்டும் போட்டு அறையைப் பூட்டிவைத்தால் கீழே இருந்த ஈரம் மேலே போய் முகட்டுச் சீற்றும் உயரத்தில் இருந்த உடுப்பும் பூஞ்சணம் பிடிக்கும். இதற்குப் பெயர் இரண்டாம் நிலைச் சேதம்.

இயந்திரம் இல்லாதவர்கள், அதாவது நாங்கள் எல்லோரும், காற்றைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். மாரியில் வாடைக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. மழை பெய்துகொண்டிருக்கும்போது யன்னலைத் திறந்து வைப்பதால் வீடு காயாது, இன்னும் நனையும். மழை விட்டு வெயில் எறித்ததும் எதிர் எதிர் யன்னல்களைத் திறந்து, பேனை வெளியே பார்க்க வைத்து ஓட்டுங்கள். மழை வந்தால் மூடுங்கள். சுவர் உண்மையில் காய்வது மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான். வேலிக் கிடுகையே முறுகவைக்கிற காற்று அது, சுவரையும் கவனித்துக்கொள்ளும்.

கனடாவில் ஃபிளட் கட் என்று ஒன்று செய்வார்களாம். சுவர் அங்கே ஜிப்சம் பலகை, வெள்ளக்கோட்டுக்கு மேலே வைத்து வெட்டி எடுத்து எறிந்துவிட்டுப் புதுப் பலகை அடிப்பார்கள். மச்சான் முதலில் எனக்கும் அதைத்தான் சொன்னார், "சுவரை வெட்டுடா" என்று. எங்கள் சுவரை வெட்டினால் கூரை கீழே வரும் என்று அவருக்கே மறந்துபோயிருந்தது. இங்கே அதற்குச் சமமான வேலை, பூச்சைத் தட்டிப் பார்ப்பது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். கல்லில் தட்டிய மாதிரி கேட்டால் பூச்சு பிடித்திருக்கிறது, பொள்ளல் சத்தம் கேட்டால் பிரிந்துவிட்டது. பிரிந்த இடத்தை மட்டும் கொத்தி எடுங்கள். டைல்ஸுக்கும் இதே முறைதான், நாணயத்தால் தட்டுங்கள். சில அலுவலகங்களில் அடித்திருக்கும் ஜிப்சம் தடுப்பென்றால் மச்சான் சொன்னபடி வெட்டலாம்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு

சேற்றின் மேல் குளோரின் ஊற்றுவது எங்கள் ஊர்ப் பழக்கம். மணம் வந்தால் சுத்தம் என்று ஒரு நம்பிக்கை. சேற்றிலுள்ள அழுக்கே குளோரினைத் தின்று முடித்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. முதலில் சவளால் வாரி, தும்புத்தடியால் தேய்த்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, அப்புறம்தான் குளோரின். வீட்டுக்குப் பாவிக்கும் திரவ ப்ளீச் என்றால் 20 லீற்றர் வாளித் தண்ணீருக்கு ஒரு கோப்பை, ஏறக்குறைய 240 மில்லிலீற்றர், போதும். மேலதிகமாக ஊற்றினால் வேகம் கூடாது, கண்தான் எரியும். மலசலகூடம் கழுவும் அசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. பூட்டிய குளியலறைக்குள் அது விளையாட்டில்லை.

பூஞ்சணம் ஈரம் பட்ட பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வளரத் தொடங்கிவிடும். கண்ணுக்குத் தெரிய நாளாகும். அதன் மேல் குளோரின் தெளித்து வெள்ளையாக்கிவிட்டு "போய்விட்டது" என்பார்கள். நிறம்தான் போயிருக்கும். செத்த பூஞ்சணமும் மூக்கில் ஏறினால் இழுப்பு உள்ளவர்களுக்கு இழுக்கும், ஆகவே துடைத்து அகற்ற வேண்டும், காய்ந்த நிலையில் தூசாகத் தட்டக் கூடாது. இதை எழுதிய கொட்டேசன்களில் தடுப்புக் கட்டுதல் என்று ஒரு வரி வரும்: பூஞ்சணம் பிடித்த அறையைப் பொலித்தீனால் மூடி, தூசு மற்ற அறைக்குப் போகாமல் வேலை செய்வது. அதற்குக் காசு கேட்டால் கேட்கட்டும், நியாயமான வரி அது.

உப்பும் கிணறும்

கடற்கரைப் பக்கம், கல்முனை, காரைதீவு, திருக்கோவில், எங்கள் கல்லடி, நாவலடி, இங்கெல்லாம் கடல்தண்ணீர் ஏறிய வீட்டுச் சுவரில் வெள்ளைப் பொடி பூக்கும். பூஞ்சணம் என்று பயந்து கழுவுவார்கள். அது உப்புப் பூத்தல். ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள், கரைந்தால் உப்பு. கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த தும்புத்தடியால் தட்டிக் கூட்டி அள்ளி எறியுங்கள், மூன்று நாலு தடவை பூத்து ஓயும். உப்பு உள்ளே இருக்கும் சுவர் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். 2004 இல் கடல் ஏறிய சில வீடுகளில் வருடக் கணக்காக மாரி வந்ததும் சுவர் வியர்த்தது இதனால்தான்.

கிணற்றுக்கு வருவோம், இது எங்கள் மண்ணுக்கே உரிய விஷயம். எங்கள் கரையோர மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய வில்லை மாதிரி உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. சுனாமிக்குப் பிறகு உதவிக்கு வந்தவர்கள் பெரிய பம்ப் வைத்துக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நல்ல மனதோடுதான். ஆனால் வேகமாக இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறிவரும். பிறகு இந்தப் பகுதிக் கிணறுகளை ஆராய்ந்தவர்கள் கண்டதும், இறைப்பால் உப்பு குறையவில்லை, மழைதான் மெல்ல மெல்லக் கழுவியது என்பதைத்தான். ஆகவே கிணறு சுத்திகரிப்பு என்றால் அடி தெரிய இறைப்பது இல்லை. மிதக்கும் குப்பையை எடுத்து, ஒரு தடவை மெதுவாக இறைத்து, பிறகு குளோரின் இடுதல். எவ்வளவு இட வேண்டும் என்பது கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் பொறுத்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதான் பீ.எச்.ஐ., அளந்து சொல்வார். நிலம் முழுக்க ஊறிப் பொதுபொதுவென்று இருக்கும் நேரம் கிணற்றை வெறுமையாக்கினால் கட்டு உள்ளே சரியவும் கூடும்.

தீயும் புகையும் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த கரி படிந்த சுவரை ஈரத் துணியால் துடைக்காதீர்கள், மை மாதிரி இழுபட்டு உள்ளே போய்விடும். மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள். பிளாஸ்ரிக், ரப்பர் எரிந்த பிசுக்குக் கரி வேறு, அதற்குச் சவர்க்காரம் வேண்டும். காற்றில் உடைந்த அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கூட்டி அள்ளவும் வேண்டாம், நொறுக்கவும் வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டு, முழுத் துண்டாகவே எடுத்துச் சுற்றிக் கட்டுங்கள்.

உறுதி, படிவம், காசு

நனைந்த காணி உறுதியை வெயிலில் போடுவதும் அயன் பண்ணுவதும் கூடாது. ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்கவும் பார்க்காதீர்கள். பக்கத்தில் கரண்ட் உள்ள வீட்டில் ப்ரிஜ்ஜின் ஐஸ் உறையும் பகுதிக்குள் பொலித்தீன் சுற்றி வையுங்கள். உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது, ஆறுதலாகப் பிறகு எடுத்து ஒவ்வொன்றாகக் காயவைக்கலாம். போயே போய்விட்டது என்றாலும் உறுதி பதியப்பட்டிருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம்.

அரச பட்டியலில் வீட்டுக்கு இரண்டு சொல்தான்: முழுமையான சேதம், பகுதியளவு சேதம். ஜி.எஸ். பார்த்து எழுதி, பிரதேச செயலகத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டோர் என்பதும் இடம்பெயர்ந்தோர் என்பதும் வேறு வேறு பட்டியல். முகாமுக்குப் போகாமல் படுவான்கரையில் மாமி வீட்டில் தங்கியிருந்தால் அதையும் சொல்லிப் பதியுங்கள், சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

காப்புறுதியில் மூன்று சொல் மட்டும் தெரிந்திருந்தால் பாதித் தலையிடி இல்லை. ஒன்று, எக்ஸஸ்: ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்களே தாங்க வேண்டிய முதல் பகுதி. இரண்டு, தேய்மானம்: எட்டு வருடப் பழைய ப்ரிஜ்ஜுக்குப் புது விலை கிடைக்காது, பத்திரத்தில் புதுப் பொருள் விலை என்று எழுதியிருந்தால் ஒழிய. மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது, எவரேஜ். ஒரு கோடி பெறுமதியான வீட்டைக் கட்டுப்பணம் குறையட்டும் என்று ஐம்பது இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள். பத்து இலட்சத்துக்குச் சேதம். ஐம்பதுக்குள் பத்துதானே, முழுதும் வரும் என்று நினைப்பீர்கள். வராது, ஐந்துதான் வரும். பாதிப் பெறுமதிக்குச் செய்ததால் ஒவ்வொரு சேதத்திலும் பாதி. அதோடு, தீக் காப்புறுதிக்குள் வெள்ளம் தானாக வருவதில்லை, சூறாவளியும் வெள்ளமும் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று இப்போதே, வெயில் எறிக்கும்போதே, பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மேகம் கறுத்த பிறகு சேர்க்க வர மாட்டார்கள்.

கடைசியாக வரும் தாள் டிஸ்சார்ஜ். "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்து வைத்த பிறகு சுவர் உதிர்ந்தாலும் கதவு நிலை உக்கினாலும் கேட்க முடியாது. அவசரப்படுத்தினால், சுவர் இன்னும் காயவில்லை, மறைந்த சேதம் இருக்கலாம் என்று எழுத்தில் கொடுத்து, இடைக்காலக் கொடுப்பனவு கேட்டுப் பாருங்கள். முதலில் சொன்ன எங்கள் ஒழுங்கை அக்கா கையெழுத்து வைக்க முன்தினம் இரவு பொலித்தீனை ஒட்டிவைத்துவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தபோது உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. அதையும் படம் எடுத்து அனுப்பினோம்.